டிங்கியின் காற்றறையில் ஓட்டையா? சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும்

டிங்கி என்னும் சிறு படகில் கரைக்கு வந்து வடிகால் மூடியைக் கழற்றினால், படகை மிதக்கவைக்கும் மூடிய காற்றறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதா? உடனே ஃபைபர் விரிசல் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் குற்றவாளி மூடியின் ரப்பர் வளையம்தான், இல்லையென்றால் யாரோ சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைக்காமல் முடுக்கிய ஒரு திருகு.

மூடிகளை எல்லாம் இறுக்கிவிட்டு, வடிகால் துளையில் ஒரு குழாயைச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டி, வாயால் ஊதுங்கள். கம்ப்ரஸர் மட்டும் வேண்டவே வேண்டாம், மூட்டுகள் பிளந்துவிடும். ஒருவர் ஊத, இன்னொருவர் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைப் பிரஷ்ஷால் மூடி ஓரம், திருகுகள், தளமும் பக்கமும் சேரும் மூட்டு, நடுப்பலகைக் கூட்டின் (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை நிற்கும் உறையின்) ஓரம் என்று தடவிக்கொண்டே வரட்டும். சில ஓட்டைகள் குபுக்கென்று நுரைக்கும். சில, கடுகளவு குமிழ்களாக மெல்லத் தலைகாட்டும், அவசரப்பட்டால் தவறவிடுவீர்கள். துடைத்துவிட்டு மார்க்கரால் வட்டமிடுங்கள்.

அப்புறம் சோப்பைக் கழுவி, அறையைத் திறந்து வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) சரியாகப் பிடிக்காது. திருகு என்றால் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து முடுக்குங்கள். சிலிக்கோன் சீலன்ட் வேண்டாம், பிற்பாடு அந்த இடத்தில் பெயின்ட்கூட ஒட்டாது. விரிசலென்றால் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸியில் ஊறிய கண்ணாடியிழை டேப். இறுகியதும் மறுபடி ஊதிப் பாருங்கள்.