கால்ஷீட் இரண்டு நாள், துப்பாக்கி மரம்: ராமநாதபுரக் கரையில் முதல் த்ரில்லர்

முதல் படத்துக்குப் பெயர் தெரிந்த மூத்த நடிகர் ஒருவர் சம்மதித்தாலும், கையில் இருக்கிற காசுக்குக் கிடைப்பது இரண்டு நாள்தான். அதில் தப்பில்லை. 1968இல் வந்த ‘டார்கெட்ஸ்’ என்ற அமெரிக்கப் படம் பிறந்ததே அப்படித்தான்: மூத்த நடிகர் போரிஸ் கார்லாஃப் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனுக்கு இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார், அதைச் சுற்றித்தான் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் தன் முதல் கதையைக் கட்டினார். தேதியை முதலில் வாங்குங்கள், அதற்குள் அடங்குகிற மாதிரி எழுதுங்கள்.

பெரியவரின் காட்சிகளில் முக்கால்வாசியைக் கீழக்கரையில் பழைய வீடொன்றுக்குள் வையுங்கள். தடித்த சுவர், முற்றத்து வெளிச்சம், லைவ் சவுண்டே போதும். பாங்கு நேரங்களை மட்டும் ஷெட்யூலில் குறித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிக்கு அவரை ஒரே ஒரு காலைதான் அழைத்துப்போக வேண்டும். 9 மணிக்கு மேல் அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. மணலில் நடக்கவிடாதீர்கள். ரோட்டோரம் நாற்காலி போட்டு, களைக்கும் முன் குளோசப்பை எடுத்துவிடுங்கள். தூரத்தில் நடந்துபோகிற ஷாட்டுக்கு அதே சட்டையில் டூப் போதும். காற்று வசனத்தைத் தின்றுவிடும். அன்று மதியமே அறைக்கதவைச் சாத்தி, அதே வரிகளை அதே மைக்கில் பேசவைத்துப் பதிந்துகொள்ளுங்கள். டப்பிங்குக்கு அவரை மறுபடி பிடிப்பது லேசில்லை.

தை, மாசி தோதான மாதங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும், பார்க்க அழகுதான். அதைப் பெரியவர் இல்லாத ஷாட்டாகத் தனியே எடுத்துவைக்கலாம்.

குண்டில்லாமல் வெடிக்கிற பிளாங்க் தோட்டா, வெடி எதுவும் வேண்டாம். இந்தக் கரையில் வேட்டுச் சத்தம் கேட்டால் யாருக்கும் சினிமா நினைப்பு வராது. கடலுக்குப் போனவர்கள் நினைப்புதான் வரும். டம்மித் துப்பாக்கியை வெளியே எடுக்கும் முன்னரே உள்ளூர் ஸ்டேஷனிலும் கடலோரக் காவல் குழுமத்திலும் எழுத்தில் கொடுங்கள். ஊர்த் தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

டம்மிக்கு மரக்கட்டை, குழலுக்கு இரும்பு பைப். எடை மூன்று, மூன்றரை கிலோ வரவேண்டும். குறைந்தால் நடிகர் கம்பைச் சுழற்றுவது போலச் சுழற்றுவார், குட்டு வெளிப்பட்டுவிடும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைப்பது போலக் காட்ட, கட்டையின் அடியில் கறுப்புக் கயிறு கட்டி, ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து ஒரே சுண்டு. தீப்பொறியை எடிட்டில் ஒரு ஃப்ரேம் மட்டும் வையுங்கள். மூன்று வைத்தால் மத்தாப்பு.

புதியவர்கள் சறுக்குவது சத்தத்தில். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். சுடுபவர் 170 மீட்டர் தள்ளி இருந்தால், பொறி தெரிந்து அரை நொடி, அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 12 ஃப்ரேம் கழித்தே கேமரா பக்கம் வேட்டு கேட்க வேண்டும். அந்த இடைவெளியில் வெறும் அலையும் காற்றும் இருக்கட்டும். பயம் அங்கேதான் உட்காரும்.

ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், கொஞ்சம் கோகோ தூள். கருவாடு காயும் இடத்தருகே ஊற்றினால் ஈ அப்பிக்கொள்ளும். டேக் சொல்லும் நொடியில் ஊற்றி, முடிந்ததும் கடல்நீரில் அலசுங்கள். வேட்டி சட்டை மூன்று ஜோடி வேண்டும். லென்ஸ் மாற்றுவது வேனுக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. பெரியவர் ரயிலேறும் முன் அவருடைய ஷாட் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் ஏற்றி, ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.