ஞாயிற்றுச் சந்தைக் காய் சனிக்கிழமை வரை

காய்கறிச் செலவு கையை மீறுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாரக் கடைசியில் எவ்வளவு காயைத் தூக்கிப் போடுகிறீர்கள் என்றுதான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்து வாங்க அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். அதே காயில் கால் பங்கு வாடி மாட்டுக்குப் போகும்போது கணக்குப் பார்ப்பதில்லை. காலையில் எழுந்ததும் "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று யோசிக்காதீர்கள். கூடையைப் பாருங்கள். எதை இன்று விட்டால் நாளை கெட்டுவிடுமோ, அதுதான் இன்றைய குழம்பு. என் சமையல் முழுக்க இந்த ஒரு வரிசையில்தான் ஓடுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அத்தை, வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். ஃபிரிட்ஜ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்குவதுதான் அடுத்த ஞாயிறு வரை.

சந்தைக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. கீரையும் கொத்தமல்லியும் காலையில் வாங்க வேண்டும். தக்காளி, கத்தரி, பச்சை மிளகாய் எல்லாம் சாயங்காலம். வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக மனமில்லாமல் வியாபாரிகள் தரையில் கூறு கட்டி வைத்துவிடுவார்கள். கூறு வாங்கும்போது மேலே இருப்பதைப் பார்க்காதீர்கள், அடியில் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். கத்தரிக்காய் என்றால் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. வெண்டைக்காய் நுனி படக்கென்று ஒடிய வேண்டும். தக்காளியில் பழம், செங்காய், காய் மூன்றும் கலந்த கூறாகப் பார்த்து எடுங்கள். பழம் இரண்டு நாளைக்கு, செங்காய் புதன் வியாழனுக்கு, காய் வாரக் கடைசிக்கு. எல்லாமே நன்றாகச் சிவந்த கூறு பார்க்க அழகுதான், ஆனால் செவ்வாய்க்கிழமையே தண்ணீர் விட்டுவிடும். கீரை விற்கும் ஆயாவிடம் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. இரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு கோணிமேல் கொட்டிப் பரப்பிவிடுங்கள். பாலிதீன் பைக்குள் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். கழுவக் கூடாது. ஈரம் பட்ட காய்தான் முதலில் அழுகும், சமைக்கும்போது கழுவிக்கொண்டால் போதும். அடிபட்டது, நசுங்கியது, காம்பு போனது எல்லாவற்றையும் ஒரு தட்டில் தனியாக எடுங்கள். அன்று ராத்திரி கொஞ்சம் துவரம்பருப்போடு அவற்றை வேகவைத்துக் கடைந்தால் களிக்கு அருமையான சாறு. எங்கள் வீட்டில் ஞாயிறு ராத்திரி எப்போதும் இதுதான்.

முள்ளங்கி வாங்கியிருந்தால் இலையை உடனே நறுக்கிவிடுங்கள். இலை இருக்கிற வரை கிழங்கில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும், கிழங்கு சொங்கிப் போகும். அந்த இலையை எறிய வேண்டாம். பாசிப்பருப்பு சேர்த்துப் பொரியல் செய்தால் ஒரு வேளைக்கு ஆயிற்று. தண்டுக்கீரையிலும் அப்படித்தான், இலை ஞாயிறு அல்லது திங்கள் கடைசல், தண்டு செவ்வாய்க்கிழமை புளிக்குழம்பு. முருங்கைக்கீரையை ராத்திரி ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும், உருவுகிற வேலை பாதி மிச்சம். கொத்தமல்லியை வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் வியாழன் வரை வரும். அதன் தண்டு ரசத்துக்கு, நுனி இலை மேலே தூவ.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். பழுத்த வாழைப்பழமோ மாம்பழமோ கீரைப் பக்கத்தில் இருந்தால் கீரை மஞ்சளாகிவிடும். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு செய்கிற வேலை அது.

வெயில் காலத்துக்கு இரட்டைப் பானை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை, நடுவில் ஆற்று மணல், மணலில் காலையும் மாலையும் தண்ணீர், மேலே ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பங்குனி, சித்திரையில் கேரட்டும் பீன்ஸும் இதில் நன்றாக நிற்கும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பெரிய பலன் இல்லை. மண்பானை வாங்கும்போது மெருகு பூசாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்படி வைத்தபின் வாரம் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். முதல் இரண்டு நாள் கீரை. அப்புறம் வெண்டை, கத்தரி, அவரை. வியாழன், வெள்ளிக்குப் பீர்க்கன், சுரை, கோஸ். சனிக்கிழமை உருளை, சேனை, இல்லையென்றால் கொள்ளு. பூசணியை முழுசாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, கீற்றாக வாங்கினால் நடுவில் இருக்கும் குடல்தான் முதலில் அழுகும். வாங்கின அன்றே அதையும் விதையையும் வழித்து எடுத்துவிட வேண்டும். முழுப் பூசணியாக வாங்கி நான்கு வீடு பங்கு போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

தோல் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்காது. இரண்டு காயின் தோல் போதும். முதலில் விளிம்பில் நிற்கும் நார்வரியை மட்டும் மெல்லச் சீவி எறியுங்கள், மீதித் தோலைக் கழுவிப் பொடியாக நறுக்குங்கள். எண்ணெயில் இரண்டு ஸ்பூன் உளுந்து, நான்கு வரமிளகாய் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் தோலைப் பச்சை வாசனை போகும் வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் கசகசவென்று இருக்கும், சுருண்டு வர வேண்டும். நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, ஒரு பிடி தேங்காய் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். சூடான சோற்றில் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகள் என்ன காய் என்று கேட்காமலே சாப்பிடுவார்கள். சுரைக்காய்த் தோல், வாழைக்காய்த் தோல், பூசணிக் குடல் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். காலிஃபிளவர் தண்டையும் நடு இலையையும் கூட்டு வைக்கலாம். மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே எடுப்பேன்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் இருக்கிறது. பீர்க்கன், சுரை, வெள்ளரி எதுவானாலும் நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. தோல் பச்சையாகி முளை கிளம்பிய உருளைக்கிழங்கும் வேண்டாம். பூஞ்சை பிடித்த தக்காளியை ஓரம் வெட்டிவிட்டுப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

சமைத்தது மீந்தால் என்ன செய்வது? களி உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். சோற்றுக்கும் ஆறியவுடன் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், ராத்திரி முழுக்கச் சும்மா திறந்து வைக்கக் கூடாது. கீரை மட்டும் மிஞ்சவே கூடாது, அந்த வேளைக்கு அளந்து செய்யுங்கள். கொள்ளு வேகவைத்தால் இரண்டு சமையல்: வடித்த தண்ணீர் ரசம், கொள்ளு கடையல்.

விலை விழும் நாளில் கொஞ்சம் சேர்த்து வைப்பது பெரிய பலம். ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளி கொட்டிக் கிடந்து, பறிக்கிற கூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் தவிக்கிற பருவம் உண்டு. அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மலிவான நாளில் கெட்டியான பழமாகப் பார்த்து நான்காக அரிந்து, உப்புத் தடவி, வெள்ளைத் துணியில் பரப்பி, மடக்கினால் ஒடிகிற வரை காயவையுங்கள். ராத்திரி வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். நாலு துண்டு போட்டால் ஒரு சாம்பாருக்குப் புளிப்பு வந்துவிடும். தை மாதம் அவரைக்கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கும்போது நாங்கள் ஒரு பங்கைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் காயவைத்துவிடுவோம். தோல் ஆட்டுக்கு.

சித்திரையில் காற்றடித்தால் தோப்புகளில் கிளிமூக்கு மாங்காய் உதிர்ந்து கிடக்கும், மிகவும் மலிவாகக் கொடுப்பார்கள். அடிபட்ட பக்கத்தை அரிந்துவிட்டு, தோலோடு கீற்றுப் போட்டு, உப்பில் ஒரு நாள் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். இந்த வற்றல் இருந்தால் பருப்புக் குழம்புக்குப் புளி வேண்டாம். ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வையுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை வெளியே எடுத்து வெயில் காட்டினால் பூச்சி வராது.