சீனர் வீட்டு சிவப்பு விளக்கைப் புரிஞ்சுக்கறது எப்படி

ரங்கூன்ல சீனர் நிறைய இருக்கற லத்தா பக்கம் சீனர் வீட்டுக்குப் போனீங்கன்னா முதல்ல வாசலைப் பாருங்க, சிவப்பு கூண்டு விளக்கு ஜோடியா தொங்கினா மங்களம், வெள்ளை தொங்கினா துக்க வீடு, சத்தமா சிரிச்சுப் பேசாதீங்க.

உள்ளே சாமி மேடையில ரெண்டு பக்கமும் சின்ன சிவப்பு பல்பு ராத்திரி பகலா எரியும், நம்ம கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரிதான், அதனால பகல்லயும் எரியுதேன்னு சுவிட்சைத் தொட்டுடாதீங்க. எங்க எதிர்வீட்டு சீனப் பாட்டி கரண்ட் போன உடனே சோத்துத் தட்டைக் கூட வச்சிட்டு ஓடிவந்து அந்த வயரை பேட்டரியில மாட்டிடுவாங்க, அவ்ளோ பக்தி.

ஹொக்கியன்ங்கற சீனப் பிரிவினரோட பேச்சுல விளக்குக்கும் ஆண்பிள்ளைக்கும் "தெங்"னு ஒரே ஒலி, குடும்பம் பெருகணும்னுதான் விளக்கு மாட்றது, கேட்டதும் எனக்கு சிலிர்த்துப் போச்சு.

சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம் முடியற 15-ம் நாள் விளக்குத் திருவிழா, அன்னிக்கு ஸ்ட்ராண்ட் ரோடு ஹொக்கியன் கோயிலுக்குப் போய்ப் பாருங்க.