குழியை விடுங்கள், பந்து விழும் இடத்தைப் பாருங்கள்

கோல்ஃபில் கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்திலிருந்து சிப் (பந்தைச் சின்ன வீச்சில் தட்டி உருளவிடும் அடி) அடிக்கும்போது குழியில் நிற்கும் கொடியைக் குறிவைக்காதீர்கள். கிரீனுக்குள் மூன்றடி தள்ளி, கைக்குட்டை அகலத்துக்குச் சமமான ஓர் இடம் பார்த்து அங்கே பந்தைப் போடுங்கள். மீதி தூரம் அது உருண்டு போகட்டும். பந்தை உயரே தூக்கும் மட்டையான சாண்ட் வெட்ஜை உடனே உருவ வேண்டாம், பந்தைத் தாழ்வாக அனுப்பும் 8 அயர்ன் மட்டை போதும். பந்து உயரே எழும்ப வேண்டியதில்லை என்பதால் வீச்சும் சின்னது, லேசாகப் பிசகினாலும் பெரிய நஷ்டமில்லை.

2005 மாஸ்டர்ஸ் போட்டியில், அகஸ்டா மைதானத்தின் 16-ஆவது குழியில் டைகர் உட்ஸ் பந்தை விழவைத்தது குழியிலிருந்து வெகு தள்ளி, மேட்டுச் சரிவில். சரிவே அதைத் திருப்பி இறக்கியது. விளிம்பில் ஒரு கணம் நின்று உள்ளே விழுந்தது!

நடுவில் மணல்குழி இருந்தாலோ, பந்து நீளப் புல்லில் புதைந்திருந்தாலோ 8 அயர்ன் எடுபடாது. அப்போது வெட்ஜால் தூக்கித்தான் அடிக்க வேண்டும்.