ஏப்ரலில் வாசல் நிறையப் பூ வேண்டுமா? கிறிஸ்மஸ் வாரமே விதை போடுங்கள்

தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்கு வந்த முதல் வருடம், மார்ச் மாதக் கடைசியில் நுவரெலியா டவுனுக்குப் போயிருந்தேன். எங்கு பார்த்தாலும் பூ. எனக்கும் ஆசை வந்து, அன்றைக்கே நாலு பைக்கற் விதை வாங்கிவந்து அடுத்த நாளே தூவினேன். சித்திரைப் புத்தாண்டு வந்தபோது செடிகள் இரண்டு விரல் உயரம். பூத்தது ஜூன் கடைசியில். அப்போது பிடித்திருந்த தென்மேற்குப் பருவமழையில் அத்தனை பிட்டூனியாவும் நனைந்த கடதாசி மாதிரி கூழாகிப்போனது.

இரண்டாம் வருடம் வேறு விதமாகத் தோற்றேன், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். மூன்றாம் வருடம் பலித்தது. தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில் எனக்குப் பலித்த முறை இது. மண்ணை எப்படிக் கொத்துவது என்பதெல்லாம் மலையகத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

1. பின்னோக்கி எண்ணுங்கள்

ஏப்ரல் 14ஐ நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டு, அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். பிட்டூனியாவும் பான்சியும் விதையிலிருந்து பூவுக்கு வர 12 வாரமாவது எடுக்கும். நம் குளிருக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியென்றால் கிறிஸ்மஸ் வாரம். குட்டை மேரிகோல்டுக்கு (எங்கள் பக்கம் பலர் இதையும் செவ்வந்தி என்றுதான் சொல்வோம்) ஜனவரி நடுப்பகுதி. காஸ்மோஸ் அவசரக்காரப் பூ, ஜனவரி கடைசியில் போட்டாலும் போதும். டேலியாக் கிழங்கு இருந்தால் ஜனவரி முதல் வாரமே புதைத்துவிடுங்கள்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஏப்ரல் சீசனுக்குப் பூத்து நிற்பதெல்லாம் ஏப்ரலில் நட்டதில்லை. அது என் மண்டையில் ஏற ஒரு வருடம் பிடித்தது.

2. பாத்திரம்

கடையில் விற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகள் ஒரு பருவத்தில் வெடித்துவிடுகின்றன. முட்டை அட்டை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும், நம் மூட்டத்தில் நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். நான் பாவிப்பது யோகட் கப். அடியில் சூடான ஆணியால் மூன்று ஓட்டை. பெரிய செடிகளுக்குப் பழைய பெயின்ற் வாளி. தேயிலைத் தவறணையில் (நாற்றுப் பண்ணையில்) பாவிக்கும் பொலித்தீன் பை கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

3. மண்

தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்குப் பிடித்த அமிலத்தன்மை பிஎச் 4.5 முதல் 5.5 வரை. மேரிகோல்டும் பிட்டூனியாவும் அந்த அளவு புளிப்பில் வளரும், ஆனால் மஞ்சளடித்து நிற்கும். ஒரு வாளி மேல்மண், ஒரு வாளி நன்றாக மக்கிய கூட்டெரு, அரை வாளி ஆற்றுமணல், இரண்டு கைப்பிடி டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்). கலந்து இரண்டு வாரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு பாவியுங்கள். டொலமைட் தோட்டத்தில் தேயிலைக்குப் போடுவதே தான். இது பெரிய வாளிக்குப் போகும் மண். விதை போடும் கப்புக்கு மணலும் சலித்த கூட்டெருவும் மட்டும் போதும்.

4. விதை போடுவது

பிட்டூனியா விதை தூள் மாதிரி இருக்கும். தும்மினால் போய்விடும். ஒரு கரண்டி காய்ந்த மணலில் கலந்து தூவுங்கள், மேலே மண் போட்டு மூடாதீர்கள், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். மேரிகோல்ட் விதையை ஒரு மெல்லிய மண் போர்வையால் மூடலாம். பான்சி இதற்கு நேரெதிர், இருட்டில்தான் நன்றாக முளைக்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே மூடுங்கள்.

5. என்னை விழுத்திய இடம்

இரண்டாம் வருடம் எல்லாம் சரியாகத்தான் போனது. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு விதை போட்டேன். ஒன்பதாம் நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஜனவரி, பெப்ரவரி என்றால் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழுந்து புல் வெள்ளையாகக் கிடப்பதுண்டு. அந்தப் பயத்தில் கப்புகள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் தாளால் இறுக்கி மூடி, இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்து, மாலையில் தண்ணீரும் தெளித்துவிட்டுப் படுத்தேன். நாலு நாள் அப்படியே.

ஐந்தாம் நாள் தாளை விலக்கினால் நாற்றெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. இலை பச்சையாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, நூலைச் சுண்டிவிட்டது போல் மெலிந்திருந்தது. எதிர்வீட்டு மாமா சாம்பல் தூவச் சொன்னார். தூவினேன். அடுத்த நாள் மிச்சமிருந்ததும் படுத்துவிட்டது.

இதற்கு நாற்றழுகல் என்று பெயர். மண்ணில் இருக்கும் பூஞ்சணம்தான் காரணம். ஈரமும் குளிரும் காற்றில்லாத நெருக்கமும் சேர்ந்தால் ஒரே இரவில் ஒரு கப்பை முடித்துவிடும். விழுந்த நாற்றை எழுப்ப முடியாது, வராமல் பார்ப்பது ஒன்றுதான் வழி. இப்போது நான் செய்வது:

மணலும் கூட்டெருவும் கலந்த பிறகு, கொதிக்கும் தண்ணீரை அதன்மேல் ஊற்றி ஆறவிடுகிறேன். பழைய கப்பென்றால் அதையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். விதையை ஐதாகத் தூவுகிறேன், கப்புக்கு எட்டுப் பத்துக்கு மேல் இல்லை. தண்ணீரை மேலே தெளிப்பதில்லை. ஒரு பேசினில் ஓரங்குலம் தண்ணீர் விட்டுக் கப்புகளைப் பத்து நிமிடம் உட்காரவைத்தால் அடி ஓட்டை வழியாகத் தேவையானதைக் குடித்துக்கொள்ளும். அதுவும் காலையில் மட்டும். மாலையில் ஒரு சொட்டும் கிடையாது.

பொலித்தீன் முளை வரும்வரைதான். முதல் பச்சை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். பிறகு பனிக்கு என்ன செய்வது? அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டிய பழைய சாக்குப் படங்கு ஒன்று வீட்டில் கிடந்தது. நாலு குச்சி நட்டு, நாற்றில் படாமல் கூடாரம் போல அதை விரித்தேன். சாக்கு பனியைத் தடுக்கும், காற்றையும் விடும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். முப்பது வருடம் மழையில் நனைந்த அந்தப் படங்குக்கு இப்போது இதுதான் வேலை.

6. நடுவதும் கிள்ளுவதும்

முளையோடு வரும் முதல் இரண்டு இலையை விட்டு, நிஜ இலை நாலு வந்ததும் வாளிக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். செடி நாலு அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். புதிதாகச் செய்பவர்களுக்கு இதில்தான் மனசு வராது. எனக்கும் வரவில்லை. அம்மா வந்து, கொழுந்து கிள்ளுகிற அதே இரண்டு விரலால் வரிசையாகக் கிள்ளிக்கொண்டே போனார். "கிள்ளாம விட்டா ஒத்தக் குச்சியா ஒசந்துகிட்டுப் போவும். கிள்ளுனாத்தான் பக்கத்துல வெடிக்கும்" என்றார். வெடித்தது. ஒரு செடியில் ஆறு கிளை. காஸ்மோஸையும் கிள்ளலாம், பான்சிக்குத் தேவையில்லை.

7. ஹைட்ரேஞ்சியா: கவ்வாத்துக் கத்தியைத் தள்ளிவையுங்கள்

விதை, நாற்று என்று எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஹைட்ரேஞ்சியாதான். பூக்காத கிளையில் பென்சில் பருமனில் ஒரு குச்சியை ஒடித்து ஈர மணலில் நிழலில் குத்திவைத்தால் வேர்விடும்.

இதன் நிறத்தை மண் தீர்மானிக்கிறது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். புளிப்புக் குறைந்தால் இளஞ்சிவப்பு. அதனால்தான் தேயிலை மண்ணில் இது பெரும்பாலும் நீலமாகவே பூக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே தாய்ச்செடியின் இரண்டு குச்சிகள். வேலியோரம் நட்டது நீலம். புதுச் சீமெந்துச் சுவரோரம் நட்டது ரோஸ். சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. உங்களுக்கு ரோஸ் வேண்டுமென்றால் டொலமைட் போடுங்கள், நீலம் வேண்டுமென்றால் சும்மா இருங்கள். வெள்ளை வகை எதற்கும் அசையாது.

ஒரு எச்சரிக்கை. என் தம்பி ஒருமுறை உதவி செய்கிறேன் என்று இதைத் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது போல ஒரே மட்டமாக வெட்டிவிட்டான். அந்த வருடம் இலை மட்டும்தான். சாதாரண ஹைட்ரேஞ்சியா முந்தைய பருவத்துக் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பூ வாடிய உடனே அந்தத் தலையை மட்டும், கீழே பருத்த கணு ஜோடிக்கு மேலாக வெட்டுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.

8. வீட்டுக்குள்

பறித்த ஹைட்ரேஞ்சியா ஒரு மணி நேரத்தில் தலை தொங்கும். தண்டின் அடியைச் சரிவாக வெட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் வைத்துவிட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலில் போடுங்கள். ஏற்கெனவே தொங்கிவிட்டதா? பூவை அப்படியே தலைகீழாக ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிவையுங்கள். பெரும்பாலும் நிமிரும். சாமிப் படத்துக்கு மேரிகோல்ட், மேசைக்கு ஜாம் போத்தலில் காஸ்மோஸ். எனக்கு அவ்வளவுதான் அலங்காரம் தெரியும்.

பிறகு சேர்த்தது

பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா, கிறிஸ்மஸ் வாரம் போட்ட விதையை மழை அள்ளிக்கொண்டு போனதாக எழுதியிருந்தார். நான் யோசிக்காமல் விட்டது அது. வடகீழ்ப் பருவமழை பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம்தான் டிசம்பரில் அடித்துப் பெய்யும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் கூரைக்குக் கீழே நாற்றுப் போடுங்கள். எங்களைவிட அங்கே சூடு அதிகம், அதனால் இரண்டு வாரம் பிந்தினாலும் பிடித்துவிடலாம்.

இன்னொருவர், டிசம்பரில் எல்லா வேலியிலும் பொயின்செட்டியா சிவந்திருக்க, தன் வீட்டு வாசலில் இருப்பது மட்டும் ஏன் பச்சையாகவே நிற்கிறது என்று கேட்டார். வாசலில் பல்ப் எரிகிறதா என்று திருப்பிக் கேட்டேன். விடிய விடிய எரிகிறதாம். அந்தச் செடிக்கு இரவு நீளமாகவும் இருட்டாகவும் இருந்தால்தான் மேல் இலை சிவக்கும். ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து பல்பை அணைத்துவையுங்கள், இல்லையென்றால் வாளியோடு வீட்டின் பின்பக்கம் தூக்கிவைத்துவிட்டு, சிவந்த பிறகு வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.