திரையில் தெரிவதும் படத்தில் பதிவாவதும்: முன்னோட்டத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

டிஜிட்டல் கேமராவின் திரையில் ஓடும் முன்னோட்டத்தை, எடுக்கப்போகும் படத்தின் சிறிய நகல் என்று எண்ணிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. பொதுவாக நொடிக்கு 30 அல்லது 60 முறை சென்சாரிலிருந்து அவசரமாகப் படித்தெடுக்கப்படும், துல்லியம் குறைந்த காட்சி அது. படமோ நாம் அமைத்த ஷட்டர் வேகத்திலும் (ஒளி விழும் நேரம்) அபெர்ச்சரிலும் (லென்ஸ் திறப்பின் அளவு) தனியாகப் பதிவாவது.

இந்த வேறுபாடு இரவில்தான் அதிகம் ஏமாற்றும். ஷட்டர் வேகத்தை 1/8 நொடி என்று அமைத்திருந்தாலும், நொடிக்கு 30 முறை புதுப்பிக்கப்படும் முன்னோட்டத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் 1/30 நொடிக்கு மேல் ஒளி கிடைக்காது. அந்தக் குறையைச் சிக்னலைப் பெருக்கிக் காட்டி கேமரா ஈடுசெய்கிறது. ஆகவே, வெளிச்சம் சரியாகத் தெரியும், நடந்து செல்பவரும் தெளிவாகத் தெரிவார். படத்தில் அவர் உருவம் தெளிவின்றிக் கலங்கியிருக்கும். அசைவு எப்படிப் பதிவாகும் என்பதை ஷட்டர் எண்ணைப் பார்த்தே கணிக்க வேண்டும். அதேபோல், பெருக்கலால் திரையில் மணல் தூவியதுபோல் தோன்றும் இரைச்சலைக் கண்டு, முக்காலியில் வைத்துக் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்) எடுக்கும் படமும் அப்படியே வரும் என்று கைவிட வேண்டியதில்லை.

திரையின் பளபளப்பை வைத்து எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை, முடிவு செய்வது மற்றொரு தவறு. ஒரே படம் இருட்டறையில் பளிச்சென்றும் வெயிலில் மங்கலாகவும் தெரியும். படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் அப்படி மாறுவதில்லை. ஆனால், எக்ஸ்போஷர் மாற்றங்களை முன்னோட்டத்தில் காட்டும் வசதி அணைந்திருக்கும்போது, படம் எடுக்கும் முன் தெரியும் ஹிஸ்டோகிராமையும் நம்ப இயலாது. ஸ்டூடியோ ஃபிளாஷ் பயன்படுத்துவோர் மட்டும் அந்த வசதியை வேண்டுமென்றே அணைத்துவைப்பது நல்லது. ஃபிளாஷின் ஒளி முன்னோட்டத்தில் வராது என்பதை மறந்து, கறுத்த திரையைக் கண்டு ஐஎஸ்ஓவை உயர்த்தினால் படம் வெளுத்துவிடும்.

பல டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் லைவ் வியூவில் (திரையில் பார்த்து எடுக்கும் முறை) லென்ஸை முழுதும் திறந்தே வைத்திருப்பதால், திரையில் மங்கிய பின்னணி லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப்/11இல் எடுத்த படத்தில் தெளிவாக வந்து நிற்கும். புலத்தின் ஆழத்தை, அதாவது எவ்வளவு தூரம் வரை தெளிவாக விழும் என்பதை, காட்டும் பொத்தான் இதற்காகவே இருக்கிறது. அதை அழுத்திப் பார்ப்பவர் குறைவு.

ஃபோகஸைச் சிறிய திரையில் உறுதிசெய்வதும் போதாது. 10.4 லட்சம் புள்ளிகள் என்று விளம்பரப்படுத்தப்படும் திரையில், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே எண்ணப்படுவதால், உண்மையில் ஏறத்தாழ 3.5 லட்சம் பிக்சல்களே உள்ளன. 24 மெகாபிக்சல் படத்தின் சிறு பிசகு அதில் தெரியாது. பெரிதாக்கிப் பார்ப்பதே வழி.

ரா கோப்பாக (சென்சாரின் தரவைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் வடிவம்) எடுப்போர் நினைவில் கொள்ள வேண்டியது: முன்னோட்டமும் ஹிஸ்டோகிராமும் பெரும்பாலும், கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படத்துக்கான அமைப்புகளின்படி உருவானவை. கறுப்பு வெள்ளைப் பாணியில் பார்த்து எடுத்தாலும், பொதுவாக ரா கோப்பில் வண்ணம் அப்படியே இருக்கும். ஒளி மிகுந்துவிட்டதாக எச்சரிக்கை மின்னும் இடத்திலும், ரா கோப்பில் விவரம் சற்று எஞ்சியிருக்கக்கூடும்.