மலையில் மலக்கசடு காயவைக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் ஒரு தம்பி வரைபடம் ஒன்றை விரித்தார். பொறியியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. நுவரெலியாப் பக்கத்துச் சில விடுதிகளின் மலக்குழிக் கசட்டைப் பவுசரில், அதாவது உறிஞ்சி எடுக்கும் தொட்டி லொறியில், எடுத்து, காயவைத்து, உரமாக்குவது அவருடைய திட்டம். நல்ல திட்டம். கோடுகள் சுத்தமாக இருந்தன. ஆனால் வலது மூலையில் சின்ன எழுத்தில் "காயும் காலம்: 14 நாள்" என்று இருந்தது. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 18 வருடத்துக்கு முன் நான் எழுதின அதே 14.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் மலக்குழி கட்டுவதற்கான இலங்கைத் தரநியமம் எஸ்.எல்.எஸ். 745இலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். கொழும்பில் தொழில் பழகிவிட்டு மலைக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்ப விடும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கொழும்பின் 14 நாளை மலைக்குக் கொண்டுபோவது

கசடு காயவைக்கும் படுக்கையில் பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. அடியில் சல்லிக்கல்லும் வடிகுழாயும், மேலே மணல். பவுசர் கொண்டுவருவதை மணலின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு விட வேண்டும். தண்ணீரில் ஒரு பங்கு முதல் சில நாளில் மணலுக்குள்ளால் வடிந்துவிடும். மிச்சம் காற்றோடு போக வேண்டும். மலையில் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

28 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 27 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராம்தான். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் இருக்கிறது. அந்த 13 கிராமிலும் பெரும்பகுதியை மூடுபனி காலையிலேயே நிரப்பி வைத்துவிடும். கசட்டின் ஈரம் போவதற்குக் காற்றில் இடமே இருக்காது.

இதை நான் படிக்காமல் இல்லை. ஆனால் கொழும்புக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், 14 நாளில் மண்வெட்டியால் அள்ளுகிற பதத்துக்குக் கசடு காய்ந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். படித்ததை விட்டுவிட்டுப் பார்த்ததை நம்பினேன். நாளுக்கு ஒரு பவுசர், அதில் 4,000 லீற்றர். 20 சென்றிமீற்றர் உயரத்துக்கு விட்டால் ஒரு படுக்கைக்கு 20 சதுர மீற்றர். வாரத்தில் ஐந்து நாள் வேலை, இரண்டு வாரம் காய விட வேண்டும், ஆக 10 படுக்கை. மலைநாட்டில் ஓர் ஊரில் அந்த 10 படுக்கையையும் கட்டி முடித்தோம். கூரை போடவில்லை. கூரைக்கு ஒதுக்கின காசை மதிலுக்கு மாற்றினதும் நான்தான்.

பெப்ரவரியில் தொடங்கினோம். மழை குறைந்த மாதம் என்பதால் ஓரளவு காய்ந்தது. ஜூன் மாதம் தென்மேல் பருவக்காற்று வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் முதல் படுக்கை கூழாகக் கிடக்கிறது. அங்கே வேலை செய்த பெரியவர் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவர். என்னைப் பார்த்துச் சொன்னார்: "சேர், இங்க உடுத்துற துணியே மூணு நாளாக் காயாது. இது எப்பிடிக் காயும்?"

அவரிடம் அதை வரைவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்திலும் நான் கேட்கவில்லை. பவுசர் வாசலில் நிற்கிறது, சாரதி அவசரப்படுகிறார், பத்துப் படுக்கையும் நிறைந்திருக்கிறது. "பழையதின் மேலேயே விடுங்கள்" என்றேன். இன்றுவரை என்னால் மறக்க முடியாத பிழை அது.

ஈரக் கசட்டின் மேல் ஈரக் கசட்டை விட்டால் இரண்டுமே காயாது. மேலே மெல்லிய தோல் ஒன்று கட்டும். அதற்குக் கீழே கறுப்பாக அழுகும். நுண்ணிய கசடு மணலுக்குள் இறங்கி இடுக்குகளை அடைத்துவிடும். அதன் பிறகு வடிவதும் நின்றுபோகும். செப்டெம்பரில் பத்துப் படுக்கையின் மணலையும் தோண்டி எடுத்து, கழுவ வழியில்லாமல் புதைத்துவிட்டுப் புது மணல் போட்டோம். மலையில் ஆற்று மணல் என்ன விலை என்று அங்கே வீடு கட்டினவர்களுக்குத் தெரியும். காசு போனதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. அந்த மாதங்களில் பவுசருக்குப் போக இடம் இல்லை. இரவில் அது ஓடை ஓரத்தில் திறந்துவிட்டதை ஊரே பார்த்தது. எதைத் தடுக்க நான் போனேனோ அது என் கணக்கினாலேயே நடந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். துளை போட்ட மூன்று பிளாஸ்டிக் பேசினில் சல்லியும் மணலும் போட்டு, அந்த ஊர்க் கசட்டையே 20 சென்றிமீற்றர் உயரத்துக்கு விட்டு, அந்த ஊரிலேயே, மழை கூடின மாதத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று திறந்த வெளியில், ஒன்று ஒளி ஊடுருவும் தகட்டுக் கூரையின் கீழே, மற்றது நாலு பக்கமும் மூடின இடத்தில். மூடின பேசின் நன்றாகக் காயும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காற்று ஓடாததால் தகட்டின் உட்புறத்தில் நீர் கோர்த்துத் திரும்ப அதிலேயே சொட்டும். கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். காய ஆறு வாரம் ஆகிறது என்றால் அதே பவுசர் கணக்குக்கு 10 இல்லை, 30 படுக்கை. அவ்வளவு நிலம் மலையில் கிடைக்காது. அதனால் முதலில் ஒரு தொட்டியில் கசட்டைப் படியவிட்டு, அடியில் தடித்திருப்பதை மட்டும் படுக்கைக்கு அனுப்ப வேண்டும். குழியிலிருந்து வருவதில் திண்மம் பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 3 பங்குதான், மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் படுக்கையில் ஏற்றிக் காயவைக்க நினைப்பது வீண்.

தம்பி ஜூலையில் பேசின்களோடு மலைக்குப் போகிறார். அதுவரை வரைபடத்தில் அந்த மூலை வெறுமையாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

லேயைப் பார்த்து அப்படியே எடுப்பது

குளிர் ஊர் என்றதும் எல்லோரும் லடாக்கின் லே நகரத்தைக் காட்டுகிறார்கள். 2017இல் அங்கே தொடங்கின மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் உண்மையிலேயே பாராட்ட வேண்டிய வேலை. ஒரு நாளைக்கு 12,000 லீற்றர் கொள்ளும். நாணல் வகைச் செடி நட்ட படுக்கைகள், இயந்திரம் மிகக் குறைவு.

ஆனால் லே 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கும் குளிர்ப் பாலைவனம். ஆண்டு முழுவதும் பெய்வது 100 மில்லிமீற்றர் அளவு மழை. நுவரெலியாவில் 1,900 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. லேயில் காற்று வறண்டது, வெயில் கடுமையானது. பனிக்காலத்தில் மைனஸ் 20 பாகை வரை இறங்கும் குளிரிலும் ஒரு நன்மை உண்டு. கசடு உறையும்போது அதற்குள் பிடித்திருந்த நீர் பிரிந்துவிடும், வெயில் காலத்தில் இளகும்போது சட்டென்று வடியும். நுவரெலியாவின் துகள் உறைபனி ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் புல்லின் மேல் படிந்து, வெயில் ஏறினதும் போய்விடும். அதனால் கசடு உறையாது. லேயிலிருந்து செடிப் படுக்கை என்ற எண்ணத்தை எடுங்கள், அளவுகளை எடுக்காதீர்கள்.

கடல்மட்டப் பம்பு

பவுசர் கசட்டை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. கொழும்பில் முழு வெற்றிடம் கிடைத்தாலும் தண்ணீர் 10.3 மீற்றருக்கு மேல் ஏறாது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது 8.2 மீற்றர். லேயில் 6.7. இது தாளில் வரும் கணக்கு. பழைய பம்பு, நீண்ட ஹோஸ், தடித்த கசடு எல்லாம் சேர்ந்தால் கையில் கிடைப்பது இன்னும் குறைவு. மலையில் வீடுகள் பெரும்பாலும் வீதிக்குக் கீழே சரிவில் இருக்கும். குழி அதற்கும் கீழே. கொழும்பில் நன்றாக ஓடின பவுசரை வாங்கிக்கொண்டு போய், ஆறு மீற்றர் கீழே இருக்கும் குழியில் மேல்தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு வருகிறார்கள். அடிக்கசடு அப்படியே கிடக்கிறது, வீட்டுக்காரர் முழுக் காசும் கொடுக்கிறார். வாங்குவதற்கு முன் ஆகக் கீழே இருக்கும் குழிக்கும் வீதிக்கும் உயர வித்தியாசத்தை அளந்து பாருங்கள்.

கொழும்பில் போல அதே கால இடைவெளியில் குழிக் கசட்டை எடுப்பது

15 பாகைக்குக் கீழே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மிகவும் மெதுவாகிவிடும். கசடு கரையாமல் சேரும், குழி சீக்கிரம் நிரம்பும். ஏப்ரல் சீசனில் விடுதிகள் நிறையும்போது வழியும். மார்ச்சிலேயே எடுத்துவிடுங்கள்.

பக்டீரியாப் பொடி

குழியில் போட்டால் கசடு கரையும் என்று விற்கிறார்கள். வாங்க வேண்டாம்.

குழிக்குள் ஆளை இறக்குவது

ஒரு நிமிடத்துக்கும் கூடாது. குழியில் உண்டாகும் நச்சு வாயுவான ஐதரசன் சல்பைட்டு கூடினால் மணம் தெரிவதே நின்றுவிடும். மணக்கவில்லை என்று இறங்கினவர்கள் திரும்பி வரவில்லை.

வடிநீரை ஓடைக்கு விடுவது

படுக்கையின் அடியில் வடிவது தெளிவாகத்தான் தெரியும், ஆனால் சுத்தமில்லை. அமோனியாவும் கிருமியும் அதில் இருக்கின்றன. நானு ஓயாவில் விட்டால் அது கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகும். மகாவலியில்தான் கண்டி குடிக்கிறது. சல்லி நிரப்பி, சம்புப் புல் நட்ட ஒரு தரையாவது அந்த நீருக்கு வேண்டும். குளிரில் அதுவும் மெதுவாகவே வேலை செய்யும், பெரிதாகக் கட்டுங்கள்.

காய்ந்ததும் தோட்டத்துக்குக் கொடுப்பது

மலையில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு செய்கிறவர்கள் உரத்துக்காக ஏங்கிக் கிடக்கிறார்கள். கறுப்பாக, உதிரியாக, மணமில்லாமல் இருப்பதைக் கண்டால் உடனே லொறி அனுப்புவார்கள். கசடு காய்ந்துவிட்டால் கிருமியும் செத்துவிட்டது என்று எண்ணுவதுதான் இங்கே நடக்கிற பிழை. மனிதக் குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டை குளிர்ந்த, ஈரமான இடத்தில் பல மாதம் உயிரோடு கிடக்கும். உலக சுகாதார அமைப்பின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, 20 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வைக்கச் சொல்கிறது. 2 முதல் 20 பாகை வரையான இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். நுவரெலியா இந்த இரண்டாவது வகை.

அந்தக் கரட் நேரே பேலியகொடை மொத்தச் சந்தைக்கு வந்து இறங்குகிறது. கொழும்பில் நாங்கள் அதைப் பச்சையாகத் துருவிச் சம்பல் போடுகிறோம். பிள்ளைகள் தின்கிறார்கள்.

இரண்டு வருடம் வைக்க இடம் இல்லையென்றால் சந்தைக் குப்பையோடும் வெட்டின புல்லோடும் கலந்து கூட்டெரு குவிக்கலாம். குவியலின் உள்ளே 55 பாகைக்கு மேல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து தரம் புரட்ட வேண்டும். குளிர் ஊரில் சின்னக் குவியல் அந்தச் சூட்டுக்கு வராது. ஓர் ஆள் உயரமாவது குவித்து, மேலே காய்ந்த புல்லால் மூடி, நீண்ட கம்பி வெப்பமானியைக் குத்தி நாள்தோறும் எழுதுங்கள். கையை வைத்துப் பார்த்துச் சூடு சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு குவியலுக்கும் எப்போது கட்டினது, எந்தெந்த நாள் புரட்டினது என்று ஒரு பலகையில் எழுதி நட்டு வையுங்கள். பலகை இல்லாத குவியலிலிருந்து, யார் வந்து கேட்டாலும், ஒரு கூடைகூடக் கொடுக்காதீர்கள்.